மஞ்சு இறங்காத நாளில் எங்கள் கோல்கீப்பர்

1981 ஏப்ரல் 4, சனி

காலையில் வெயில். மூன்று மணிக்கு வழக்கம்போல மலையை மூடி மஞ்சு. ஸ்டோரில் உரமூட்டை இறக்கியதில் இடுப்புப் பிடிப்பு. பிலோ சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "இந்த வயசுல ஹாக்கி ஒண்ணுதான் கேடு" என்றாள். பெண்டாட்டி வாயிலிருந்து நல்ல வார்த்தை வர நாள் கிழமை பார்க்க வேண்டும்.

மேனேஜர் கூப்பிட்டார். கேப்டன் என்பதால் ஈஸ்டருக்குள் புது சீசன் டீமுக்கு நான் ஆள் பெயர் தர வேண்டுமாம். இதுவரை எல்லா ஆட்டமும் இங்கே மலையில் எங்கள் மைதானத்தில்தான். இந்த வருடம் கீழேயும் போக வேண்டும். திண்டுக்கல், மதுரை.

"கீழ ஜெயிச்சாத்தான் டீம் இருக்கும் சவரி. ஆடத் தெரியாதவனுக்குக் கம்பெனியில சோலி கிடையாது."

தெரிந்ததுதான். எங்களை எடுத்ததே ஆட்டத்துக்கு. உரமூட்டையெல்லாம் சம்பளத்துக்குச் சொல்லிக்கொள்கிற சாக்கு.

ஏப்ரல் 5, ஞாயிறு

பூசை முடிந்து வீட்டில். சாமியார் பிரசங்கத்தில் பாதி காதில் விழவில்லை. மனசு முழுக்க டீம்.

சென்டர் ஃபார்வர்ட் – ஜோசப். கோல் விழுந்தால் ஆண்டவருக்கு நன்றி, விழாவிட்டால் என் மேல் பழி. இருந்தாலும் அவனை விட்டால் ஆள் இல்லை.
லெஃப்ட் அவுட் – பாண்டி, பூண்டி ஊர்க்காரன். குதிரை ஓட்டம். சில நேரம் பந்தை விட்டுவிட்டுத் தான் மட்டும் ஓடுவான். பூண்டு அறுப்பு வந்தால் பயிற்சிக்கு முழுக்கு.
ரைட் இன் – காலி. போன வருட ஆள் பேங்க் டீமுக்குப் போய்விட்டான். மகராசன்.
பேக் – நான், ஸ்டீபன். எனக்கு இடுப்பு, அவனுக்குக் கோபம்.
கோல் – முத்தையா. யோசிக்க ஒன்றும் இல்லை.

மஞ்சில் எங்களை ஜெயித்தவன் கிடையாது. கீழேயிருந்து வருகிற டீம் பந்தைத் தேடிக்கொண்டு நிற்கும். நாங்கள் வாயால் ஆடுவோம். எதிராளி அடிக்கும்போதே பேக் கத்துவான்: "வலது, தரை!", "இடது, மேல!" கோல்கீப்பர் அந்தச் சத்தத்துக்குப் பாய்வான். பத்தடி தள்ளி நின்று நான் கத்த, அவன் பாய, இப்படியே ஐந்து சீசன். என் குரலைப் பிலோவைவிட அதிகம் கேட்டவன் முத்தையாதான். கேட்டபடி நடந்தவனும் அவன்தான்.

ஏப்ரல் 8, புதன்

அதிசயமாக மஞ்சே இல்லை. வானம் கழுவி விட்டது போல. பயிற்சி. வெயில் அடித்தால் நாங்கள் கத்துவதில்லை, கண் இருக்கிறதே.

முத்தையா நாலு கோல் விட்டான். எல்லாம் குழந்தை தடுக்கிற பந்து. ஜோசப் யாரிடமோ, "அண்ணன் ராத்திரி ஏத்திட்டாரு போல." முத்தையா குடித்து நான் பார்த்ததே இல்லை. வீட்டில் கசமுசாவோ என்னவோ.

வில்பட்டி முட்டைக்கோஸ். பிலோ மூன்றாம் நாளாக அதையே கூட்டு வைக்கிறாள்.

ஏப்ரல் 9, வியாழன்

பகல் முழுக்க மஞ்சு. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. முத்தையா ஒரு பந்துகூட விடவில்லை. ஸ்டீபனே கைதட்டினான்.

வீட்டுக்கு வரும் வழியில் ஏதோ உறுத்தல். நேற்று நான் கத்தவில்லை. இன்றைக்குக் கத்தினேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்ததும் முத்தையாவை, அவன் குடியிருக்கிற லயத்து வரிசை வீட்டுக்குப் போகிற இறக்கத்தில் நிறுத்திக் கேட்டேன்.

"முத்தையா, கண்ணு சரியாத் தெரியுதா?"

"தெரியாமப் போயி ரெண்டு சீசனாச்சுங்கண்ணே."

மதுரைக்குப் போய்க் காட்டியிருக்கிறான். கண் நரம்பு பட்டுப்போய்விட்டதாம். கண்ணாடிக்கும் அடங்காது, ஆபரேஷனுக்கும் அடங்காது. ஆள் நிழலாட்டம் தெரிகிறது, சின்னது எதுவும் தெரியவில்லை. பெண்டாட்டி ராசம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

"மஞ்சு விழுந்துட்டா எல்லாருக்கும் ஒரே கண்ணுதானேண்ணே. உங்க சத்தம் போதும் எனக்கு."

"கீழ எங்கடா மஞ்சு? வெயிலு மண்டையப் பொளக்கும்."

"பேர மட்டும் எழுதிருங்கண்ணே. சிலோன்ல எங்க லயத்த விட்டுக் கப்பல் ஏத்தி அனுப்பினப்ப ஒரு தகரப்பெட்டியோட வந்தோம். இன்னொருக்கா புள்ளயத் தூக்கிக்கிட்டு எங்கன்னு போறது?"

எனக்கு வந்தது கோபம்தான். இரண்டு வருடம் என்னிடம் மறைத்தானே என்று. வீட்டுக்கு வந்ததும் கோபம் கரைந்து அழுகையாகிவிட்டது. முகம் கழுவுகிற சாக்கில் அழுதேன். பிலோ கண்டுகொண்டாள், கேட்கவில்லை.

முடிவு: பெயர் எழுதுகிறேன். வெயிலிலும் கத்துகிறேன். வாய் வலித்தால் வலிக்கட்டும்.

ஏப்ரல் 12, குருத்து ஞாயிறு

கையில் குருத்தோலையோடு கூட்டம் அப்படியே மைதானத்துக்கு வந்துவிட்டது. மிஷன் பள்ளி டீமோடு ஆட்டம். பளீர் வெயில். மேனேஜர் நாற்காலி போட்டு, பக்கத்தில் மதுரையிலிருந்து வந்த கம்பெனி ஆட்கள்.

விசில் ஊதியதிலிருந்து கத்தினேன். வலது. இடது. தரை. முத்தையா ஒன்றுகூட விடவில்லை. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். கூட்டத்தில் சிரிப்பு. "ஏலே, சவரிக்கு மட்டும் மஞ்சு எறங்கிருச்சுடா!"

பாதி ஆட்டத்தில் மேனேஜர் வந்தார்.

"வெயில்ல எதுக்குய்யா கத்துற?"

"பழக்கங்க."

என்னைப் பார்த்தார். அப்புறம் முத்தையாவைப் பார்த்தார், ரொம்ப நேரம். "வாயத் தொறக்காம ஆடு. பாக்கணும்."

வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை, தெரியவில்லை. பள்ளிப் பையன் ஒருவன் நேராக, மெதுவாகத் தள்ளினான். பந்து உருண்டு வருகிறது. முத்தையா அதைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து என் பக்கமாகக் காதைக் கொடுத்து நின்றான். கோல்.

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஊரே பார்த்துவிட்டது.

ஆட்டம் முடிந்து காலில் கட்டிய பேடைக் கழற்றிக்கொண்டே முத்தையா சொன்னான்: "நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா வெயில்ல கத்தப்போயி, இவனுக்குக் கண்ணு இல்லன்னு ஊருக்கே தமுக்கு அடிச்சமாதிரி ஆயிருச்சுண்ணே."

ஏப்ரல் 15, புதன்

தூறல். பெயர் கொடுத்தாயிற்று. கோல் – செல்வராஜ், ஆயக்குடிப் பையன். நல்ல கண். முத்தையாவுக்கு வேலை இந்த மாதக் கடைசி வரைதான்.

அவனுக்கு வாட்ச்மேன் வேலையாவது கேட்டேன். "கண்ணு தெரியாத வாட்ச்மேனா?" என்றார் மேனேஜர். ஜோசப், ஸ்டீபன், பாண்டி மூவரும் என்னோடு வந்து நின்றார்கள். கோபக்கார ஸ்டீபன் கையெடுத்துக் கும்பிட்டே கேட்டான். நடக்கவில்லை.

பிலோவிடம் எல்லாம் சொன்னேன். "நீங்க கத்தாம இருந்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும்" என்றாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள். கத்தாமல் இருந்திருந்தால் ஒருநாள் ஆட்டம் சரியில்லை என்று போயிருக்கும்.

ஏப்ரல் 18, சனி

பாஸ்கா சனி. காலையிலிருந்து நல்ல வெளிச்சம், துண்டு மேகம் இல்லை. புது ஜெர்சி பார்சல் வந்தது. போட்டுப் பார்த்தேன், வயிற்றில் பிடிக்கிறது. அந்நேரம் பாண்டி வந்து, "முத்தையா அண்ணே கோத்தகிரிக்குப் போறாரு, சாமான் கட்டுறாங்க" என்றான். அப்படியே இறங்கி ஓடினேன். பாதி வழியில்தான் உறைத்தது, இதை மாட்டிக்கொண்டு அவன் முன்னால் எப்படிப் போய் நிற்பது என்று. திரும்பி மேலே ஏற இடுப்பு விடவில்லை.

ராசம்மா தேத்தண்ணி கொடுத்தாள். என் மேல் இருந்த ஜெர்சியைப் பார்த்தாள், சட்டென்று உள்ளே போய்விட்டாள். கோத்தகிரியில் அவள் அண்ணன் இருக்கிறானாம், தோட்டத்தில் ஏதாவது கிடைக்கும் என்றான் முத்தையா. கதவு விரியத் திறந்து கிடந்தது, என் மேல் முழு வெளிச்சம். அவன் நேராக என்னைப் பார்த்துக்கொண்டு,

"ஜெர்சி வந்திருச்சாண்ணே?"

"வந்திருச்சு."

"இந்தத் தடவ என்ன கலரு?"

சிவப்பு என்றேன்.