மதினி, கருப்பனிடம் நீங்கள் கேட்டது

மதினி,

இன்று காலை தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது மிக்ஸி மோட்டார் கருகிப்போனது. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், ஜன்னலையும் திறந்துவிட்டேன். ஆனால் அந்த வாடை மூக்கில் ஏறியதும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர், அதாவது உங்கள் சம்பந்தி, வந்து பார்த்து, “மிக்ஸிதானடி போச்சு, உசுரா போச்சு?” என்று சிரித்தார். அவருக்கு என்ன தெரியும்? அன்று விமானத்துக்குள் வந்ததும் இதே வாடைதான். அதை மோந்தவர்கள் நம் இரண்டு குடும்பத்திலும் நீங்களும் நானும் மட்டுமே. இப்போது நான் மட்டும்.

என் மகளுக்கு, அதாவது உங்கள் மருமகளுக்கு, அது முதல் பிரசவம். தலைச்சன் பிள்ளைக்குத் தாய்வீடுதான் என்று சாணார்பட்டியில் நான் தொட்டில் வரைக்கும் வாங்கி வைத்திருந்தேன். ரத்த அழுத்தம் இருக்கிறது, பயணம் கூடாது என்று சிங்கப்பூர் டாக்டர் சொல்லிவிட்டார். சரி, நானே போகிறேன் என்றால், ரெட்டியார்சத்திரத்திலிருந்து நீங்களும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. என் மகளின் பிரசவத்துக்கு மாமியார் எதற்கு?

மதுரை விமான நிலையத்தில் பார்த்தால் இரண்டு பேர் பையிலும் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பிள்ளை மருந்து. “ஒங்க மருந்துல சுக்கு சாஸ்தி மதினி. அதைத் தின்னா பெத்த புள்ள எந்திரிச்சு ஓடிரும்” என்றீர்கள். “ஒங்க மருந்துல கருப்பட்டிதான இருக்கு, அது மருந்தா மிட்டாயா?” என்று நானும் விடவில்லை. சன்னலோர இடம் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினீர்கள். விமானம் மேலே எழும்பியதும் பயந்துபோய்ச் சன்னல் மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டீர்கள்.

கிளம்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். டமார் என்று ஒரு சத்தம். பிறகு குலுக்கல். அப்புறம் அந்தக் கருகல் வாடை. திரும்பிப் போய் அவசரமாக இறங்கப் போகிறோம் என்று ஒலிபெருக்கியில் இங்கிலீஷில் சொன்னார்கள். பக்கத்து வரிசையில் இருந்தவர் நமக்குத் தமிழில் சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

தமிழ் தெரிந்த பணிப்பெண் ஒருத்தி வரிசை வரிசையாக வந்தாள். “கூர்மையா எதுவும் மேல இருக்கக் கூடாதும்மா. கழுத்துல இருக்கிறதைக் கழட்டிருங்க” என்றாள். நீங்கள் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டீர்கள்.

“தாலியவா? அடியாத்தீ! உசுரே போனாலும் கழட்ட மாட்டேன் தாயி. அந்த மனுசன் அங்க உசுரோட இருக்காரு.”

“தாலி இல்லம்மா. அதுல தொங்குற ஊக்கு.”

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. உங்கள் தாலிக்கொடியில் ஒரு ஊக்குக் கடையே தொங்கும். எப்போது யாருக்கு எது அறுந்தாலும் உங்களிடம்தானே கேட்போம். ஒவ்வொன்றாகக் கழற்றி அவள் நீட்டிய பையில் போட்டீர்கள். என் தோளில் ஒரே ஒரு ஊக்கு. அதைக்கூட என்னால் எடுக்க முடியவில்லை. நீங்களே கழற்றினீர்கள். ஊக்கு போனதும் முந்தானை வழுக்கியது. சாகப்போகிற நேரத்தில் நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தவித்தேன், பாருங்கள்.

“அதை நான் புடிச்சுக்கிறேன். நீங்க தலையக் குனிங்க மதினி” என்று என் தோளில் கையை வைத்து அழுத்தினீர்கள்.

குனிந்தோம். எங்கும் அழுகுரல். என் காதருகே நீங்கள் சாமியிடம் முனகியது மட்டும் தெளிவாகக் கேட்டது.

“கருப்பா, பிரசவத்துக்கு மாமியா எதுக்குடா, ஆத்தாதான வேணும். ஒனக்கு ஆள் வேணும்னா என்னைய எடுத்துக்க. இவளை அந்தப் புள்ளகிட்டக் கொண்டுபோய்ச் சேத்துரு.”

சக்கரம் தரையில் மோதியது. நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். உங்கள் கை அப்போதும் என் தோளில்தான் இருந்தது. வெளியே வந்ததும், “என்னமோ முனங்குனீங்களே மதினி?” என்று கேட்டேன். “ஒங்க சேலை வழுக்குதேன்னு வைஞ்சேன்” என்றீர்கள். மறுநாள் வேறு விமானத்தில் ஏற எனக்குத் தைரியமே இல்லை. “புள்ள காத்துக் கெடக்குல்ல, வாங்க” என்று இழுத்துக்கொண்டு போனீர்கள். பேரன் பிறந்தபோது நர்ஸ் முதலில் உங்களிடம்தான் நீட்டினாள். நீங்கள் வாங்கவில்லை, என்னைக் காட்டினீர்கள்.

ஊர் திரும்பி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் வீடு திரும்பவில்லை. ரொம்ப நாளாகவே சர்க்கரை இருந்தது என்று டாக்டர் சொன்னார். எனக்கும் அது தெரியும். உங்களுக்கு எத்தனை தடவை நானே காப்பியில் சீனி போடாமல் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் மனது கேட்கமாட்டேன் என்கிறது. நீங்கள் கேட்டதைக் கருப்பன் காதில் வாங்கிக்கொண்டானோ என்ற பயம் மதினி. யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் மகனிடம் எந்த வாயால் சொல்வேன்?

இப்போது மகளுக்கு இரண்டாவது. இந்தத் தடவையும் ரத்த அழுத்தம்தான். டிக்கெட் போட்டாயிற்று, வருகிற வாரம் பயணம். பக்கத்தில் நீங்கள் இல்லை. தூக்கத்தில்கூடக் குலுக்கல்தான் வருகிறது. முழங்கால் வலி என்று சொல்லி நின்றுவிடலாமா என்று நேற்று வரை யோசித்தேன். போனில் மகள், “அம்மா, பயமா இருந்தா வர வேணாம்மா” என்றாள். அந்தக் குரலில் இருந்த பயம் என்னுடையதைவிடப் பெரிது. “வாரேன்டி” என்று சொல்லிவிட்டேன்.

நடுவானில் குலுங்கினால் கருப்பனிடம் என்ன கேட்பது என்று இன்று அடுப்படியில் உட்கார்ந்தபடியே முடிவு செய்தேன். என்னை எடுத்துக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன் மதினி. சொன்னால் நீங்கள் கொடுத்தது வீணாகப் போய்விடும். “கருப்பா, எனக்குப் பதிலா ஒருத்தி முன்னாடியே வந்துட்டா. அவ தூக்க வேண்டிய புள்ளையையும் நான்தான் தூக்கணும். பேசாம எறக்கி விடு” என்றுதான் கேட்பேன்.