பூனைக்கு நம் ஊர்ப் பத்திரிகை

அன்புள்ள ஒடில் அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? லூசியானாவில் இந்நேரம் வெயில் வந்திருக்கும். மினசோட்டாவில் ஜன்னல் வரை பனி. நான் நலமே.

நான் வேலை பார்க்கும் ஹால்வர்சன் அம்மாள் வீட்டுக் கிழட்டுப் பெண்பூனை பிப்பினுக்குக் குட்டியிலேயே நகங்களை விரல் நுனியோடு வெட்டிவிட்டார்களாம். அது தன் மணல்பெட்டியை விட்டுக் கம்பளத்தையே நனைத்தது.

"திமிர்! இன்னொரு தடவை நனைச்சா விலங்குக் காப்பகத்துக்கு அனுப்பிடுவேன்" என்றார் அம்மாள்.

கான்வென்ட் சிஸ்டர்கள் நம்மை வளர்த்த கண்டிப்போடு அதைத் தூக்கிப் பெட்டியில் விட்டேன். கட்டைவிரலைக் கடித்துவிட்டது. சின்னக் காயம், ஆறிவிட்டது. ஆனால் மணலில் நின்று ஒவ்வொரு பாதமாகத் தூக்கி உதறியது. மணலைக் கொட்டிவிட்டுச் செய்தித்தாளைக் கிழித்துப் போட்டேன். தானாகவே போய் உட்கார்ந்தது.

"திமிர் இல்ல மேடம், கால் வலிச்சிருக்கு."

"நீயும் பூனையும், ரெண்டு கிழவிங்களும் கூட்டு சேர்ந்தாச்சா? சரி, இருந்துட்டுப் போகட்டும்."

இங்கத்திய பத்திரிகைத் தாள் வழவழப்பு, ஈரத்தை உறிஞ்சாது. நம் ஊர்ப் பத்திரிகையை வாராவாரம் அனுப்புங்கள், பூனைக்காகத்தான். மரண அறிவிப்பு, தேவாலயச் செய்திப் பக்கங்களை எடுத்துவிடாதீர்கள். நீங்கள் பாதி போட்ட குறுக்கெழுத்தும் இருக்கட்டும்.

அம்மாள் கூப்பிடுகிறார்.

உங்கள் தங்கை,
க்ளோதில்ட்

படித்த பிறகுதான் கிழிப்பேன்.