டிப்ளர் சாவி

ஐப்பசி, செவ்வாய் இரவு.

படுத்தால் தூக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

காலையில் மழையில் நனைந்த நிலக்கரி வேகன்கள் வந்தன. டிப்ளரில் ஏற்றித் தலைகீழாகக் கவிழ்த்தும் பாதிக் கரி உள்ளேயே ஒட்டிக்கொண்டது. அதைத் தட்டி உதிர்க்க, கூட வேலை செய்யும் செல்வம் கடப்பாரையோடு வேகனுக்குள் இறங்கினான். இறங்குகிறவன் டிப்ளர் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். ஏறி வந்து அதை என் கையில் கொடுத்த பிறகுதான் நான் அடுத்த தடவை கவிழ்ப்பேன். இன்று சாவியையும் காணோம், அவனையும் காணோம். கீழே கரி விழும் குழியில் இருக்கிறானா, வெளியே போனானா, யாருக்கும் தெரியவில்லை. போனையும் எடுக்கவில்லை.

"டூப்ளிகேட் என் டிராயர்ல கெடக்கு, போட்டு ஓட்டுய்யா" என்றார் இன்சார்ஜ்.

"அவன் வந்து குடுக்காம தொட மாட்டேன் சார்."

எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி திட்டினார். வேலை நின்றதே நின்றது.

சாயங்காலம் செல்வம், அந்த மகராசன், நெற்றி நிறைய விபூதியோடு வந்து நிற்கிறான். செட்டிகுளம் முருகனைப் பார்க்கப் போயிருந்தானாம்!

"மறந்து பையிலயே வச்சிகிட்டுப் போயிட்டேண்ணே."

இன்சார்ஜ் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனிடம் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இனிமே ரெண்டு சாவியும் என் டிராயர்லதான் இருக்கும். எவனும் பையில போட்டுக்கிட்டு அலைய வேணாம்."

செல்வம் சந்தோஷமாகத் தலையாட்டினான். தொல்லை விட்டதாம்.

வெளியே மழை இன்னும் விடவில்லை. நாளைக்கும் ஈரக் கரிதான். நாளைக்கும் உள்ளே இறங்கப்போகிறவன் அவன்தான், வெறும் பையோடு.