குற்றவாளியாக நீ எழும்பி நின்ற நாள்

அன்பின் குகன்,

கனடாவின் ஸ்காபுரோ வாழ் பெருமக்களுக்கும், மேலே போய்விட்ட உனக்கும் மிகுந்த பணிவோடு அறிவிப்பது: ஏழு வாரமாக மௌனவிரதம் இருந்த எங்கள் பள்ளிக்கூடச் சோடா மெஷின் நேற்று விரதம் முடித்தது. எதை அழுத்தினாலும் இஞ்சிச் சோடாதான் தருகிறது.

உன் முப்பத்தோராம் நாளுக்கு நினைவுப் புத்தகம் அடிக்கிறார்கள். உன் அப்பா என்னிடம் ஒரு பக்கம் கேட்டார். "நீதானே அவன்ரை உயிர்ச் சிநேகிதன். நல்லதா நாலு வரி எழுது தம்பி."

இன்னொரு செய்தி. நாம் சேர்ந்து தொடங்கிய ஆங்கிலக் கட்டுரையைத் தனியே முடித்தேன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலேயரின் பக்திப் பாடல்களில் குற்றம் என்றால் என்ன என்பதுதானே தலைப்பு. வகுப்பிலேயே கூடிய மார்க்ஸ் எனக்குத்தான், கேட்டுக்கொள். அவர்களுக்குக் குற்றமும் பாவமும் ஒன்று. ஒரே மண்டபத்தில் உடனிருந்து உண்டவனைக் கைவிடுவது எல்லாவற்றிலும் பெரியது. அதற்குத் தண்டனை நாடுகடத்தல். சாத்தான்கூட அங்கே ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன்தான். சொந்தம் இல்லாத குளிரில் அலைகிறவன். டீச்சர் அதைச் சத்தமாக வாசித்தபோது நான் நீ இருந்த வெறும் கதிரையைப் பார்த்தேன்.

மூன்று வருடக் குழப்படியில் ஒருதரமும் பிடிபடாதவன் இந்தச் சுதன் என்று எத்தனை தரம் உன்னிடம் மார்தட்டியிருப்பேன். மாசி மாதம் பிரின்சிபலின் குரலில், பனிப்புயல் வருகிறது, வீட்டுக்குப் போங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் நான்தான். பாதிப் பள்ளிக்கூடம் பஸ் ஏறிவிட்டது. யார் செய்தது என்று பிரின்சிபல் எங்கள் வகுப்பில் வந்து நின்றார். நான் எழும்பப் போனேன். நீ என் ஜக்கெற்றைப் பிடித்து இழுத்தாய்.

"இரடா. உங்கடை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. இமிக்கிரேசனுக்குத் தெரிஞ்சா திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

"அப்ப நீ?"

"எங்களுக்குத்தான் பேப்பர் கிடைச்சிட்டுதே."

எழும்பி நின்றாய். மூன்று நாள் பள்ளிக்கூடம் வரக்கூடாது என்று தண்டனை. வீட்டுக்கு வந்த கடிதத்தை நீயே உன் அப்பாவுக்கு மொழிபெயர்த்தாய், ஒரு சொல்லும் விடாமல். அவர் உன்னோடு பேசுவதை நிறுத்தினார். இரண்டு கிழமையில், நீ வேலைக்குப் போன கார் ஐஸில் வழுக்கியது. அதுவரை அவர் பேசவேயில்லை.

போன கிழமை எங்கள் வக்கீலிடம் கேட்டேன். பள்ளிக்கூடத் தண்டனையை இமிக்கிரேசன் பார்ப்பதேயில்லையாம். சிரித்துக்கொண்டே சொன்னார். நாம் யாரிடமாவது முதலிலேயே கேட்டிருக்கலாம் இல்லையாடா?

உன் அப்பா என்னிடம் கேட்கிறார்: "அவன் ஏன் தம்பி அப்பிடிச் செய்தவன்? நான் வளர்த்ததிலை என்ன பிழை?"

"தெரியாது அங்கிள்" என்றேன். இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் அதையே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை, அவர் கேட்ட பக்கமாக இந்தக் கடிதம் அச்சுக்குப் போகமுன், அவருக்கு நானே வாசித்துக் காட்டுவேன். துரத்தினால் படியில் நின்றாவது வாசித்து முடிப்பேன்.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். நான் எழும்பப் போனேன் என்று எழுதினேன் அல்லவா? இல்லையடா. சப்பாத்து நாடா கட்டுகிறவன்போல மேசைக்குக் கீழே குனிந்திருந்தேன். நீ இழுக்கவில்லை. காதுக்குள் சொன்னாய், அவ்வளவுதான். அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

உன் மச்சான்,
சுதன்