கணப்படுப்பு மூலையில் ஒருவரின் இடம்

லாங்கன்தால்
22.11.1987

என் அன்பு மகன் இரவீந்திரனுக்கு,

உன் அம்மா எழுதிக்கொள்வது. நல்லூரான் தயவில் இங்கே என் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை, முழங்கால் மட்டும் குளிருக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, அதை நோய் என்று சொல்லக் கூடாது. நீயும், வரப்போகும் என் மருமகள் ஜெயகௌரியும் அந்தப் பனி ஊரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். விளக்கு என்றால் இங்கே மெழுகுதிரிதான், எண்ணெய்த் திரி ஏற்றினால் மரக்கூரை பற்றிக்கொள்ளும் என்று வீட்டுக்கார அம்மா பயப்படுகிறார். உன் கடிதமும் கல்யாண அழைப்பிதழின் மாதிரியும் போன செவ்வாய்க்கிழமை வந்தன. பிள்ளையார் படம் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் மெலிந்த பிள்ளையார், டொரோண்டோவில் மோதகம் கிடைக்கவில்லை போலும். மற்றதெல்லாம் சரி. அப்பாவின் பெயருக்கு முன்னால் தில்லைநாதன் பெரியப்பா ‘அமரர்’ என்று எழுதி வைத்திருக்கிறார். அச்சுக்குக் கொடுக்க முன்னம் அம்மாவின் சம்மதம் வேண்டும் என்று நீ கேட்டாயே, அப்படிக் கேட்டதற்கே நீ நன்றாயிருப்பாய். பதில் சொல்லத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் உனக்கு என்னைத் தெரியும், பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பித்தே பழகிய வாய், ஒன்றைச் சொல்ல நாலைச் சொல்லித்தான் வருவேன், பொறுத்துக்கொண்டு வாசி.

இங்கே கார்த்திகை பிறந்தால் பள்ளத்தில் பனிப்புகார் இறங்கிவிடும். முற்றத்து ஆப்பிள் மரம் கூடத் தெரியாது. முதியோர் இல்லத்துச் சலவை அறையில்தான் இன்னமும் வேலை, நீராவியில் பொட்டு கரைந்து மூக்கில் வழியும், துடைத்துவிட்டு மறுபடி வைப்பேன், கூட வேலை செய்யும் இத்தாலிக்காரி சிரிப்பாள். உன் மாமா மகேஸ்வரன் டாவோஸில் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிறார், பனிச்சறுக்குக் காலம் தொடங்கிவிட்டதால் லீவு இல்லையாம், சித்திரைக்குத்தான் வருவார். என் அகதி வழக்குக்கு இன்னும் முடிவு வரவில்லை. முடிவு வராமல் நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைக்க முடியாது, வைத்தால் திரும்ப விடமாட்டார்கள். ஆகவே தை மாதம் உன் கல்யாணத்துக்கு நான் வரப்போவதில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதைப் பற்றி இரண்டு பேரும் எழுதாமல் இருப்பதுதான் மரியாதை. தமிழில் வாய் திறந்து கதைத்துச் சில நேரம் கிழமைக் கணக்காகிவிடுகிறது ராசா. அன்றைக்குக் கண்ணாடிக்கு முன் நின்று “என்ன ரீச்சர், சாப்பிட்டாச்சோ” என்று என்னையே கேட்டேன். பயப்படாதே, பைத்தியம் பிடிக்கவில்லை, குரல் இருக்கிறதா என்று பார்த்தேன்.

நான் இருக்கும் பண்ணை வீட்டைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். எல்ஸ்பெத் அம்மா எழுபது தாண்டியவர், புருஷன் இல்லை. மகன் ஊலி மாடுகளோடு கதைப்பானே தவிர மனிதரோடு கதைக்க மாட்டான். ஊர்ச்சபைதான் மேல்மாடி அறையை எனக்கு ஒழுங்கு செய்து கொடுத்தது. உனக்கு எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். வந்த முதல் நாள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவர்களுடைய சாப்பாட்டு அறையில் பச்சை ஓடு பதித்த பெரிய கணப்படுப்பு ஒன்று சுவரோடு இருக்கிறது, அதை ஒட்டி மேசையைச் சுற்றி இருக்க நீள மர வாங்கு. குளிரில் விறைத்து வந்தவள், சூடாக இருந்த மூலையைக் கண்டதும் அங்கே போய் இருந்துவிட்டேன். ஊலி கையை நீட்டி “நைன்” என்றான். ‘இல்லை’ என்று அர்த்தம். கதவுப் பக்கத்து நாற்காலியைக் காட்டினான். எல்ஸ்பெத் அம்மாவும் ஏதோ சொன்னார், அப்போது எனக்கு அந்தப் பாஷை விளங்காது. எனக்கு விளங்கியது வேறு. எங்கள் ஊரில் பிறந்தவளுக்கு, ஆரை எங்கே இருத்துவது, ஆருக்கு எந்தக் கோப்பை என்பதை விளங்கப்படுத்த மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா? சரி, இங்கேயும் இதுதான், இந்த முறை கதவுப் பக்கம் நாங்கள் என்று நினைத்தேன். அன்றிலிருந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்த் தனியாகச் சாப்பிட்டேன். கூப்பிட்டுப் பார்த்தார்கள், நான் இறங்கவில்லை. ரோஷம் உடம்போடு பிறந்தது, அகதி அட்டை தந்தவர்கள் அதை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. அப்படியே ஒன்றரை வருடம் ஓடிவிட்டது.

போன ஆவணியில் எல்ஸ்பெத் அம்மா படியேறி வந்து என் கதவைத் தட்டினார். அமெரிக்காவில் இருந்து ஒரு பெண் வந்திருக்கிறார், லோரெய்ன் என்று பெயர், அவருக்கு ஜெர்மன் தெரியாது, எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, நீங்கள்தான் இறங்கி வந்து உதவ வேண்டும் என்றார். மூப்பானவர் வாசலில் நின்று கேட்கும்போது எப்படி மாட்டேன் என்பது? போனேன். அந்த லோரெய்ன் அயோவா என்ற மாநிலத்தில் சோளம் பயிரிடும் குடும்பம், என் வயதுதான் இருக்கும், ஹேபர்லே என்பது அவர்களுடைய குடும்பப் பெயர். இந்த வீட்டுக்காரருக்கும் அதே பெயர். அவருடைய முன்னோர் ஜெர்மனியில், வூர்ட்டம்பெர்க் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து கப்பலேறிப் போய் அமெரிக்காவில் காடு வெட்டிக் கமம் செய்தவர்கள். கணவர் செத்த பிறகு தங்களுடைய வேரைத் தேட வெளிக்கிட்டிருக்கிறார். ஒரு பெட்டி நிறையக் கடுதாசி. ஜெர்மன் கிராமத்துத் தேவாலயப் பதிவில் ஜொஹானஸ், மத்தியாஸ் என்று இரண்டு சகோதரரின் ஞானஸ்நானம் இருக்கிறது. கப்பல் பட்டியலில் அவர்களுடைய தாயும் இளையவன் மத்தியாசும் மட்டும் இருக்கிறார்கள். மூத்தவன் எங்கே போனான் என்று தேடித்தான் இங்கே வந்தவர். இந்த ஊர்த் தேவாலயப் பதிவில் ஜொஹானஸ் ஹேபர்லே என்ற ஜெர்மன்காரன் ஒருவனின் கல்யாணம் பதிந்திருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் ஹேபர்லே என்பது எங்கள் ஊர்க் கந்தையா மாதிரி, தடுக்கி விழுந்தால் ஒரு ஹேபர்லே. இவன்தான் அவன் என்று எப்படிச் சொல்வது? கல்லறையைப் பார்க்கலாம் என்றார். எல்ஸ்பெத் அம்மா சிரித்தார். இந்த நாட்டில் இருபது இருபத்தைந்து வருடத்தில் கல்லைப் பிடுங்கிவிட்டு அந்தக் குழியை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்களாம், நூறு வருடத்துக்கு மேற்பட்ட கல்லுக்கு எங்கே போவது.

பிறகு எல்ஸ்பெத் அம்மா தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கினார், நான் ஒவ்வொரு வசனமாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தேன். நூற்றெழுபது வருடத்துக்கு முந்தி, ஜெர்மனியில் கோடையே வராமல் பயிர் அழிந்துபோன பஞ்சத்தில் அண்ணனும் தம்பியும் நடந்தே இந்த ஊருக்கு வந்தார்களாம். பண்ணைக்காரன் அந்தக் கணப்படுப்பு மூலையில் இருத்திச் சாப்பாடு கொடுத்தானாம். ஊரில் தாய் தனியே என்று தம்பிக்கு நிம்மதி இல்லை. “நீ போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, நான் இந்த மூலையைப் பிடிச்சு வைச்சிருக்கிறன்” என்று அண்ணன் சொல்லி அனுப்பினானாம். தம்பி போனவன்தான். அண்ணன் இங்கேயே வேலைக்கு நின்று, அந்த வீட்டுப் பெண்ணையே கட்டி, பண்ணையும் அவன் கைக்கு வந்தது. ஆனால் அந்த மூலையில் ஆரையும் இருக்க விடவில்லை. அவன் போன பிறகு பிள்ளைகளும் விடவில்லை. ஏன் என்று கேட்காமலே வழக்கமாகிவிட்டது. ராசா, என்னை எழுப்பிவிட்டது அந்த மூலையில் இருந்துதான். எப்படியோ சொல்லி முடித்தேன். லோரெய்ன் மெல்லச் சொன்னார், தங்கள் வீட்டில் கிழவர்கள் குளிர் நாளில் ஆரும் இடம் விடாவிட்டால் “விடு, எனக்கு ஸ்விசில அடுப்புக் கரையில இடம் கிடக்கு” என்று பகிடியாகச் சொல்வார்களாம், அது எங்கே இருந்து வந்த பகிடி என்று ஒருவருக்கும் தெரியாதாம். அதை நான் ஜெர்மனில் சொல்ல வேண்டும். சொன்னேன். பெட்டி நிறையக் கடுதாசி முடிக்காததை அந்தப் பகிடி முடித்துவிட்டது. எல்ஸ்பெத் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஊலி எழும்பி மேசையை ஒரு பக்கம் தள்ளி, லோரெய்னின் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அந்த மூலையில் இருத்தி, “கடைசியா வந்து சேந்திட்டியள்” என்றான். அவன் மாட்டோடு கதைக்கும் குரல் அது.

எல்லாரும் அழுதோம். ஆனால் மேலே வந்து படுத்தபோது எனக்கு அழுகை போய்க் கோபம் வந்தது. லோரெய்ன் வீட்டுக் கதைப்படி, இளையவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது தாய் அயலாரோடு படகேறத் தயாராக நின்றாளாம், அவளைத் தனியே விட முடியாமல் கூடப் போனானாம், அதை நான் பிழை சொல்லவில்லை. ஆனால் அங்கே காணி, பதினொரு பிள்ளைகள், எண்பது வயது வரை உயிரோடு இருந்திருக்கிறான், அண்ணனுக்கு ஒரு சொல் அனுப்பவில்லை! எழுத்துத் தெரியாதாம், லோரெய்ன் சாட்டுச் சொன்னார். நான் அந்தச் செத்துப்போன ஜெர்மன்காரனை நன்றாகத் திட்டினேன். பிறகுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. அப்பாவுக்கு எழுத்துத் தெரியும். தபால் கந்தோரில் மூன்று பாஷையிலும் எழுதியவர். வவுனியா போகிற வழியில் பஸ்ஸை மறித்து அவரை இறக்கிக்கொண்டு போய் இந்த ஆடியோடு மூன்று வருடம் முடிந்துவிட்டது. எழுத முடிந்தால் எழுதியிருப்பார். அம்மா வெள்ளை மனசு, ஒன்றும் விளங்காது என்று நீயும் பெரியப்பாவும் நினைக்க வேண்டாம். எனக்கு எல்லாம் விளங்குகிறது, உங்களை விட முந்தியே விளங்கிவிட்டது.

ஐப்பசியில் குளிர் தொடங்கியதும் எல்ஸ்பெத் அம்மா என்னைக் கூப்பிட்டு, “பாத்திருந்த ஆள் வந்திட்டார், இனி அந்த மூலை சும்மா தானே கிடக்கு, உங்களுக்கு முழங்கால் நோவு, நீங்கள் இருங்கோ” என்றார். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அதில் இருக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், என் மனுசனையும் கொண்டு போனவர்கள், இன்னும் வரவில்லை என்று முதல் தடவையாகச் சொன்னேன். பொட்டைத் தொட்டுக் காட்டி, இது அதற்குத்தான் என்றேன். இரண்டாம் நாள் பார்த்தால் அந்த மூலையில் புதுச் சிவப்புத் துணி போட்ட ஒரு சாய்வுத் தலையணை இருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது நான் கீழேதான் சாப்பிடுகிறேன், கதவுப் பக்கத்து அதே நாற்காலியில்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். செத்தவருக்குரிய அந்தியேட்டி செய்யாமல் மணவறையில் ஏறுவது சரியில்லை என்று பெண் வீட்டார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரியப்பாவும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, தம்பிக்காக அவர் அழுதது எனக்குத் தெரியும். நீ மூத்த பிள்ளை, உனக்கு உன் கடமை. ஆனால் எனக்கு ஒருவரும் வந்து சொல்லவில்லை மகன். ஒரு பிடி சாம்பல் தரவில்லை, ஒரு சேட்டுத் துண்டு தரவில்லை. அப்பாவை நான் அனுப்பியது காலைப் பஸ்ஸுக்கு, சாம்பல் அள்ளும் காடாத்துக்கு இல்லை. நேற்று மத்தியானம் பால் விஷயமாகப் பக்கத்துப் பண்ணைக்காரர் வந்தார், பெரிய உடம்பு, புகாருக்குள் நடந்து வந்து நடுங்கிக்கொண்டு நேரே அந்த மூலைக்குப் போய் இருக்கப் பார்த்தார். ஊலி கையை நீட்டி “நைன்” என்றான். அன்றைக்கு என்னை எழுப்பிய அதே கை, அதே நைன். அந்தப் பழைய கதைதான் முடிஞ்சுதே, இப்ப ஆருக்கு வைச்சிருக்கிறியள் என்று அவர் பகிடி பண்ண, ஊலி சூப்பில் இருந்து தலையை எடுக்காமல் “ஹெர் குகநாதனுக்கு” என்றான், ‘ஹெர்’ என்றால் இங்கே ‘திரு’. அப்பாவின் பெயரை ஒரு மனிதர் வாயால் கேட்டு எவ்வளவு காலம்! என்னால் அதற்கு மேல் சாப்பிட முடியவில்லை, குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அப்பாவைக் கண்ணால் காணாத பிற தேசத்துக்காரன் இடம் வைத்திருக்கும்போது, நாங்கள் அவர் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைப் போடக் கூடாது. ‘திரு. குகநாதன்’ என்றே அச்சடி. பெண் வீட்டாருக்கு மனக்குறை என்றால் என்னைச் சாட்டு, மாமியார் பொல்லாதவள் என்று இப்போதே தெரிந்து வைத்திருப்பது நல்லதுதானே.

முகூர்த்த நேரம் இங்கே பின்னேரமாக இருக்கும், மேலே என் அறையில் மெழுகுதிரி ஏற்றி வைத்துக்கொண்டு இருப்பேன். நீயும் ஜெயகௌரியும் பதினாறும் பெற்று, ஒருவரை ஒருவர் வாசலில் காத்து நிற்க வைக்காமல், நீடு வாழ வேண்டும். தாலி கட்டும்போது கை நடுங்கினால் அவசரப்படாதே, அப்பாவுக்கும் நடுங்கியது. காதை மூடித் தொப்பி போடு. மறந்துபோகாதே, அழைப்பிதழ் அச்சானதும் இங்கே இரண்டு அனுப்பு. ஒரு உறையில் என் பெயர், மற்ற உறையில் அப்பாவின் பெயர். விலாசம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆசீர்வாதங்களுடன்
உன் அம்மா
திருமதி ஞானேஸ்வரி குகநாதன்