உன் கையில் இருந்த கயிறு

இன்று நம் ஆஸ்பத்திரிப் பயிற்சி அரங்கில் கற்பூரம் கொளுத்தினார்கள். ‘நோயாளியின் ஆன்மிகத் தேவைகள்: செவிலியர் பயிற்சி’ என்று பேனர். பக்கத்தில் மாலை போட்ட உன் படம். என்ன துணிச்சல் பார் இவர்களுக்கு!

நாம் இருவரும் இங்கே நர்சிங் மாணவிகளுக்கு வகுப்பெடுத்த காலத்தில், இந்தப் பாடத்துக்கு அரை மணி நேரம் கேட்டு நீ ஏறி இறங்காத அறை உண்டா? “ஊசி போடவே நேரமில்ல, இதுல சாமி வேறயா?” என்று சிரித்தவர்கள்தான் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

சித்தேரி மலையிலிருந்து வந்த அந்த விவசாயியை மறந்திருக்க மாட்டாய். ஆபரேஷனுக்கு முன், கையில் கட்டியிருந்த வேண்டுதல் கயிற்றைத் தொடவே விடவில்லை மனுஷன். கத்தரிக்கோலோடு போன மாணவியை நிறுத்திவிட்டு, நீ கட்டிலோரம் குந்தினாய்.

“ஐயா, யாரு அவுத்தா குத்தமாவாதுங்க?”

“எங்க வூட்டுக்காரி அவுத்தா பரவால்லம்மா.”

அவ்வளவுதான். அந்த அம்மாள் அவிழ்த்துத் தன் கையில் கட்டிக்கொண்டார். அந்த மனுஷன் தானே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துத் தியேட்டருக்குப் போனார். “மொதல்ல கேளுங்கடி. கத்தரிக்கோல் எங்கயும் ஓடிடாது” என்று மாணவிகளிடம் சொன்னாய்.

உனக்கே ஆபரேஷன் என்று வந்தபோது, உன்னை யாரடி கேட்டார்கள்? பென்னாகரத்திலிருந்து வந்து உன் அம்மா கட்டிவிட்ட கயிறு. அவர் வராந்தாவில்தான் நின்றிருந்தார். ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்து அவிழ்த்திருப்பார். “ரூல்ஸ் மேடம், உங்களுக்குத் தெரியாததா?” என்று வெட்டிக் குப்பைப் பையில் போட்டாள் உன்னை ஆபரேஷனுக்குத் தயார் செய்ய வந்த நர்ஸ். அவளைக்கூட நான் திட்டவில்லை. நீ கெஞ்சி வாங்கிய அந்த அரை மணி வகுப்பையும் அவள் படித்த வருஷம்தான் நிறுத்தியிருந்தார்களே!

தியேட்டர் வாசலில் என் கையை இறுக்கிப் பிடித்தாய். “அம்மாகிட்ட சொல்லிடாதடி.” அதற்கப்புறம் நீ கண் விழிக்கவே இல்லை.

இன்று வந்த பேச்சாளர் தியானம், மூச்சுப்பயிற்சி என்று அளந்துகொண்டிருந்தார். முன்வரிசை தலையாட்டியது. பொறுக்க முடியாமல் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் உன் அம்மா போன் செய்தார். எப்போதும் கேட்பதைத்தான் கேட்டார்.

“கயிறு கடேசி வரைக்கும் கையிலயேதான இருந்துச்சு, கண்ணு?”

“இருந்துச்சுங்கம்மா.”

இந்தப் பொய்யை நான் சாகும்வரை சொல்லியாக வேண்டும். என்னைச் சொல்ல வைத்தவர்களோ, உன் படத்துக்கு மாலை போடுகிறார்கள்.