நோபர்ட்டுக்கு என்ன நோய் என்று ஒரே பதில் கேட்டல்

அனுப்புநர்:
திருமதி மரிய கொறற்றி நோபர்ட்,
புகையிரத நிலைய வீதி,
உக்குவளை.

பெறுநர்:
பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
மாத்தளை.

விடயம்: என் கணவரின் ஈரல் நோய்க்கு மூன்று பெயர்கள் சொல்லப்படுவதும், அவருடைய மாத்திரை இடையில் நின்றதும் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. என் கணவர் நோபர்ட் உக்குவளையில் முச்சக்கரவண்டி ஓட்டுபவர். அதற்கு முன்பு சுவிற்சர்லாந்தில் ஒரு மலைக்கிராமத்து மாட்டுப் பண்ணையில் வேலை செய்தார். ஊர் திரும்பிப் பத்து வருடங்களுக்கு மேலாகிறது. சென்ற வருடம் அவருக்குக் கண் மஞ்சளாகி, உடம்பு மெலிந்து, வலது விலாவுக்குக் கீழே கனம் தெரிந்தது. நாங்கள் முதலில் போன வைத்தியசாலையில் ஸ்கேன் எடுத்துவிட்டு, ஈரலில் புற்றுநோய், வெட்டி எடுக்க இடமில்லை என்றார்கள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பாத்துக்கங்கம்மா" என்று சொல்லி வலிக்கு மருந்து தந்தார்கள்.

2. நாங்களும் நம்பினோம். பங்குத்தந்தை வந்து, சாகும் நிலையில் இருப்பவர்களுக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில் பூசுதல் கொடுத்தார். மகள் ஷெனாலியின் திருமணத்தை அவர் பார்த்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே நடத்தினோம். நாற்காலியில் வைத்துத்தான் அவரைக் கோவிலுக்குள் தூக்கிக்கொண்டு போனோம். வந்தவர்கள் மகளை வாழ்த்திவிட்டு, என்னிடம் துக்கம் விசாரிப்பதுபோல் பேசினார்கள்.

3. திருமணத்துக்குப் பிறகு மஞ்சள் கூடியதால், மருமகன் அவரை வேறு மாவட்டத்திலுள்ள பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். அங்கே பித்தக்குழாய் அடைப்பை எடுத்து ஒரு சிறு குழாய் வைத்தார்கள். அங்கிருந்த ஈரல் நிபுணர்தான் அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்: "வெளிநாட்டுல எங்க இருந்தீங்க? அந்தப் பக்கம் நரி வருமா?" பண்ணையைச் சுற்றி நரி திரியும் என்றும், வேலியோரத்துப் பழங்களைப் பறித்துக் கழுவாமலே சாப்பிடுவோம் என்றும் கணவர் சொன்னார். ஈரலில் எடுத்த துணுக்கும் இரத்தமும் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போயின. புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது.

நோயின் பெயர் அல்வியோலர் எக்கினோகொக்கோசிஸ். நரியின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால், அதிலிருந்து வரும் குடம்பி, அதாவது இளம்புழு, ஈரலில் புற்றுநோயைப் போலவே பல வருடங்கள் மெதுவாகப் பரவுமாம். பெரிய இரத்தக்குழாய்களை ஒட்டி வளர்ந்துவிட்டதால் வெட்ட முடியாது. ஆனால் அல்பெண்டசோல் மாத்திரையைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு தினமும், ஒருவேளை ஆயுள் முழுவதும் எடுத்தால், அதை அடக்கி வைக்கலாம் என்றார். கடைசிப் பூசுதல் வாங்கியவருக்குப் பூச்சி மாத்திரை என்றதும், எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, ஐயா.

4. உண்மையான குழப்பம் அதன் பிறகுதான் தொடங்கியது. மாத்திரையை எங்கள் ஊருக்குக் கிட்டவுள்ள வைத்தியசாலையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அங்கே மருந்து கொடுப்பவர், "இது சின்னப் புள்ளைங்களுக்குக் குடுக்குற பூச்சி மாத்திரம்மா, ஒருக்கா குடிச்சா போதும்" என்று ஒன்றிரண்டைத் தந்து அனுப்பினார். அங்கிருந்த வைத்தியர் இது ஈரலில் நீர்க்கட்டி என்று, ஊசியால் நீரை எடுக்க நாள் குறித்தார். குத்தினால் புழு மற்ற இடங்களுக்கும் பரவலாம், இனி எக்காரணம் கொண்டும் ஊசி குத்த விடக்கூடாது என்று நிபுணர் சொல்லியிருந்ததால் நாங்கள் போகவில்லை. கணவரின் கிளினிக் அட்டையிலோ இன்னமும் புற்றுநோய் என்றே இருக்கிறது. அவருக்குக் கொலஸ்ட்ரோலும் இருப்பதால், அதைப் பார்க்கும் வைத்தியர் கொழுப்பைத் தொடக்கூடாது என்கிறார். தேங்காய்ப்பால் ஊற்றிய கறியைக் கையில் வைத்துக்கொண்டு, போடுவதா வேண்டாமா என்று தினமும் நிற்கிறேன்.

5. மாத்திரை நின்ற சில வாரங்களில் அவருக்கு மறுபடியும் கண் மஞ்சளானது. மருமகன் கொழும்பில் தேடி வாங்கிக் கொடுத்த பிறகு தேறினார். இப்போது மெதுவாக நடக்கிறார். ஆனால் கொழும்பிலும் எப்போதும் கிடைப்பதில்லை. இப்போதுள்ளதும் தீரப்போகிறது.

6. நரி என்ற சொல்லைக் கேள்விப்பட்டு, பொதுச் சுகாதார பரிசோதகர் எங்கள் வீட்டுக்கு வந்து, இங்கே நரி வருமா என்று கேட்டு, எங்கள் நாயையும் பார்த்துவிட்டுப் போனார். அவர் தன் கடமையைச் செய்தார், குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து கோவிலில் எங்கள் பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பிப் பின்வரிசைக்குப் போகிறார்கள். பக்கத்து வீட்டு கமலாட்சி அக்கா மட்டும் வந்து, "ஒட்டிக்குமாடி? உண்மைய சொல்லு" என்று நேரே கேட்டார். மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டாது என்று நிபுணர் சொன்னதைச் சொன்னேன். நான் சொன்னால் ஊர் நம்பவில்லை.

7. வைத்தியசாலைகளின் பெயர்களை நான் எழுதவில்லை. யாரையும் தண்டிக்கும்படி கேட்கவுமில்லை. நிபுணரோடு பேசி, என் கணவருக்கு என்ன நோய் என்று ஒரே பதிலை எழுத்தில் தரும்படியும், மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் மாத்தளையிலேயே தடையில்லாமல் கிடைக்கச் செய்யும்படியும், இது ஒட்டும் நோயல்ல என்று எங்கள் ஊரவருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் விளக்க ஒருவரை அனுப்பும்படியும் மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நேற்றுக் காலை அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு மிளகுக்கொடி நட்டார். அது காய்க்க இரண்டு மூன்று வருடமாகும். மண்ணை மிதித்துவிட்டு, "காய்க்கிறப்ப நான் இருப்பேனா கொறற்றி?" என்று கேட்டார். பதில் தெரிந்தவர்களைக் கேட்டு எனக்குச் சொல்லுங்கள், ஐயா. நான் அவரிடம் சொல்கிறேன்.

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
மரிய கொறற்றி நோபர்ட்

இடம்: உக்குவளை
திகதி: 2025.02.11